துப்பாக்கிக்குத் தடை, வில்லுக்கு விலக்கு: அந்தமான் நிகோபார் தீவுகளின் வீட்டு ஆயுதக் கலை

புது தில்லி: 1981-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கம். வங்கதேசத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்த "பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல், புயலில் சிக்கி அந்தமானின் வடக்கு சென்டினல் தீவருகே பவளப் பாறையில் தரை தட்டியது. சில நாள்களில் கரையில் மனிதர்கள் தோன்றினர். அவர்களின் கைகளில் வில்லும் அம்பும் ஈட்டியும் இருந்தன.

அச்சமுற்ற கப்பல் தலைவர், ஹாங்காங்கில் இருந்த தமது நிறுவனத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினார். தற்காப்புக்காகத் துப்பாக்கிகளை விமானத்திலிருந்து போடும்படி அதில் அவர் கேட்டிருந்தார்.

துப்பாக்கிகள் வரவில்லை. பலத்த காற்றும் கொந்தளித்த கடலும் தீவு மக்களின் ஓடங்களையும் அம்புகளையும் கப்பலை நெருங்கவிடாமல் தடுத்தன. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் மாலுமிகள் ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். கப்பல் மட்டும் அங்கேயே கிடந்தது. அதிலிருந்து பெயர்த்தெடுத்த இரும்பு, சென்டினல் மக்களின் அம்பு முனைகளாக மாறியது.

யாரோ எங்கோ செய்து கொடுக்கும் ஆயுதத்தையே நவீன மனிதன் நம்பியிருக்கிறான். தனக்கு வேண்டிய ஆயுதத்தைத் தானே செய்துகொள்ளும் மனிதர்கள் உலகில் மிகவும் குறைந்துவிட்டனர். அவ்வாறு செய்துகொள்ளச் சட்டம் இடம்தரும் நாடுகளும் குறைவு. வீட்டில் துப்பாக்கி செய்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய இந்தியாவில், வேட்டைக்கான ஆயுதத்தை வீட்டிலேயே செய்து, அதைக் கொண்டு வேட்டையாடும் உரிமையுடன் ஒரு சில சமூகங்கள் வாழ்கின்றன. அவற்றின் இருப்பிடம் அந்தமான் நிகோபார் தீவுகள். அந்த உரிமையும் அதற்கு அடிப்படையான கைத்திறனும் இன்று என்ன நிலையில் உள்ளன என்பது கவலையுடன் நோக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் பொழுதுபோக்கு: ஆயுதம் செய்வதைப் பொழுதுபோக்காகவே கொண்டவர்கள் அமெரிக்காவில் உள்ளனர். துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்படாத ஒருவர், தமது சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் துப்பாக்கி செய்துகொள்ள அந்நாட்டின் மத்திய சட்டம் உரிமம் எதுவும் கேட்பதில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் தேவை. கலிபோர்னியா, நியூ ஜெர்சி உள்ளிட்ட சில மாநிலங்கள் மட்டும் கூடுதல் கட்டுப்பாடுகளை விதித்துள்ளன.

இவர்களில் ஒரு பிரிவினர் பழமை விரும்பிகள். 18-ம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளைப் போலவே, முனை வழியாகக் கரிமருந்து இட்டுச் சுடும் துப்பாக்கிகளைக் கையால் செய்பவர்கள். மரத்தைச் செதுக்கி அடிக்கட்டை அமைப்பதும், பூட்டையும் குழலையும் அதில் மயிரிழை பிசகாமல் பொருத்துவதும் இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கற்கும் கலை. 1933-ல் தொடங்கப்பட்ட தேசிய முனைமருந்துத் துப்பாக்கிச் சங்கம், இண்டியானா மாநிலத்தின் பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இவர்களை ஒன்றுகூட்டி வருகிறது. மூத்தவர் செய்து காட்டுவார். இளையவர் அருகிலிருந்து கற்பார்.

மற்றொரு பிரிவு நவீனத் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. 2013-ல் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பு, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யத்தக்க "லிபரேட்டர்' என்ற கைத்துப்பாக்கியின் வரைபடத்தை வெளியிட்டது. இது உலக நாடுகளை அதிர்ச்சியில் ஆழ்த்தியது. வரிசை எண் இல்லாத இத்தகைய துப்பாக்கிகள் குற்றவாளிகளின் கையில் சிக்கினால் அவை எங்கிருந்து வந்தன என்று கண்டறிவது கடினம். வீட்டில் பொருத்திக்கொள்ளும் துப்பாக்கித் தொகுப்புகளுக்கும் வரிசை எண் வேண்டும் என்று 2022-ல் கொண்டுவரப்பட்ட விதியை, 2025 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஏற்றது.

அரசுகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக உள்ள ஜப்பானில், முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே 2022 ஜூலை 8-ம் தேதி கொல்லப்பட்டார். கொலையாளி பயன்படுத்தியது தாமே செய்த துப்பாக்கியை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியச் சட்டம் சொல்வது: இந்தியாவில் இப்பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 1857 எழுச்சியால் கலங்கிய ஆங்கிலேய அரசு, 1878-ல் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம். ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்ற பாகுபாட்டைத் தேசியத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். விடுதலைக்குப் பின் 1959-ல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால், உரிமம் என்ற கட்டுப்பாட்டைத் தக்க வைத்துக்கொண்டது.

இச்சட்டத்தின் 5-வது பிரிவின்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும்கூடக் குற்றம். 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்பவருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய உரிமத் துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அத்திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

விலக்கு பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் குடகு மக்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-ல் மத்திய அரசு இச்சலுகையை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் அதனை ஏற்றது. ஆனால், அது வைத்திருப்பதற்கான விலக்கே தவிர, செய்வதற்கான விலக்கு அல்ல.

பிகார் மாநிலம் முங்கேரில் 1760-களில் வங்க நவாப் மீர் காசிம் தொடங்கி வைத்த ஆயுதத் தொழில், இன்று உரிமம் பெற்ற சிறு ஆலைகளாக ஒரே வளாகத்தில் அடங்கியுள்ளது. அதே ஊரின் பெயர் கள்ளத் துப்பாக்கிகளுக்கும் அடையாளமாகிவிட்டது. நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் வாழும் கொன்யாக் நாகர்கள் முனைமருந்துத் துப்பாக்கிகளைக் கையால் செய்வதில் தேர்ந்தவர்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறும் ஆவோலியாங் திருவிழாவில் அவற்றின் ஒலி மலைகளில் எதிரொலிக்கும். தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கியுடன் வேட்டையாடித் திரிந்த நரிக்குறவர் சமூகம், 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழிலை விட்டு ஊசி, பாசி மணி விற்கும் நிலைக்கு வந்தது. அச்சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றது 2023-ல்தான்.

தண்டனைத் தீவு: வீட்டில் ஆயுதம் செய்தவர்களுக்கும் அந்தமானுக்கும் வரலாற்றில் வேறு ஒரு தொடர்பும் உண்டு. கொல்கத்தாவின் மாணிக்தலா பகுதியிலிருந்த தோட்ட வீட்டை 1908 மே மாதம் போலீஸார் சோதனையிட்டனர். அங்கு வெடிகுண்டு செய்யும் பட்டறை இயங்கியது தெரிய வந்தது. பாரிஸ் சென்று வெடிகுண்டுக் கலையைக் கற்றுவந்த ஹேமசந்திர தாஸ், தாமே சோதனைகள் செய்து கற்ற உல்லாஸ்கர் தத்தா, அவர்களின் தோழர் பரீந்திர குமார் கோஷ் ஆகியோர் அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமான் செல்லுலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நாட்டில் ஆயுதம் செய்தவர்களை அடைத்து வைக்க ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த அதே தீவில், சிறையின் மதிலுக்கு அப்பால் விரிந்த காட்டில், ஒவ்வோர் ஆணும் தனக்குரிய ஆயுதத்தைத் தானே செய்துகொள்ளும் சமூகங்கள் வாழ்ந்துவந்தன. அவர்களிடம் உரிமம் கேட்க ஆங்கிலேயரால் இயலவில்லை. 1858-ல் தண்டனைக் குடியிருப்பு அமைந்த மறு ஆண்டே, 1859 மே மாதத்தில், பெரிய அந்தமானியர் வில்லும் அம்பும் ஏந்தி அபர்டீன் பகுதியில் குடியிருப்பைத் தாக்கினர். தப்பியோடி அவர்களுடன் வாழ்ந்திருந்த கைதி தூத்நாத் திவாரி முன்கூட்டியே தகவல் தந்துவிட்டதால், துப்பாக்கிகள் அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தன. அப்போரின் நினைவுச் சின்னம், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இன்றும் உள்ளது.

பன்றிப் பல்லே இழைப்புளி: இம்மக்களின் ஆயுதக் கலையை ஆங்கிலேய அதிகாரி இ.எச். மேன் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும், மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரௌன் 1906 முதல் 1908 வரையிலும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

பெரிய அந்தமானியரின் வில், எஸ் என்ற ஆங்கில எழுத்தைப் போல் இரண்டு வளைவுகள் கொண்டது. ஒரே மரத்துண்டை வாய்ச்சியால் செதுக்கி வடிவம் கொடுப்பார்கள். பின்னர் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லால் அதை இழைத்து வழவழப்பாக்குவார்கள். நம் தச்சர் இழைப்புளியைப் பயன்படுத்தும் இடத்தில் அவர்களுக்குப் பன்றிப் பல். நாண், கொடி வகையொன்றின் நாரைத் திரித்துச் செய்வது. காட்டுத் தேன்மெழுகைப் பூசி அதை ஈரத்திலிருந்து காப்பார்கள். அம்பின் தண்டைச் சீவவும் முனையைத் தீட்டவும் சிப்பி ஓடு கத்தியாகப் பயன்பட்டது.

அம்பில் இறகு இராது. நஞ்சும் பூசுவதில்லை. ஆனால், பன்றி வேட்டைக்கான அம்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் முனை தண்டிலிருந்து கழன்று வரக்கூடியது. இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அம்பு தைத்த பன்றி ஓடத் தொடங்கியதும் முனை உடலில் தங்க, தண்டு கழன்று பின்னால் இழுபடும். புதரிலும் வேரிலும் அது சிக்கிக்கொள்ள, பன்றி மேலும் ஓட இயலாமல் நின்றுவிடும். அடர்ந்த காட்டில் அடிபட்ட விலங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. காட்டின் அடர்த்தியையே ஆயுதத்தின் ஒரு பகுதியாக மாற்றிய அறிவு இது.

இரும்பு வந்த கதை: இத்தீவுகளில் இரும்புத் தாது உருக்கும் வழக்கம் கிடையாது. முன்னர் சிப்பி, எலும்பு, மரம் ஆகியவற்றால் அம்பு முனைகள் செய்யப்பட்டன. உடைந்த கப்பல்களிலிருந்து இரும்பு கிடைத்தபோது, அதை நெருப்பில் காய்ச்சாமலேயே கல்லின் மீது வைத்து, கல்லால் அடித்து, கூர்தீட்டி முனைகளாக்கினர். கொல்லுலை இல்லாத கொல்லர்கள் இவர்கள். 1867-ல் வடக்கு சென்டினல் தீவருகே "நினிவே' என்ற கப்பல் உடைந்தபோதே, தம்மைத் தாக்கியவர்களின் அம்புகள் இரும்பு முனை கொண்டவையாகத் தோன்றின என்று அதன் தலைவர் தெரிவித்திருந்தார். நூற்றாண்டுக்குப் பின் வந்த "பிரிம்ரோஸ்' அவர்களுக்கு இரும்புச் சுரங்கமாக அமைந்தது.

ஜாரவா மக்கள் இரும்பைப் பெற்ற வழி வேறு. காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் இரவில் புகுந்து இரும்புப் பாத்திரங்களையும் கருவிகளையும் எடுத்துச் சென்றனர். குடியேறியவர்கள் அதைத் திருட்டு என்றனர். தங்கள் காட்டில் புகுந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ற கோணம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஒருபுறம் அம்பும் மறுபுறம் "புஷ் போலீஸ்' எனப்பட்ட காட்டுக் காவல் படையின் துப்பாக்கியுமாக மோதல் பல பத்தாண்டுகள் நீடித்தது. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின.

1996-ல் கால் முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் ஒருவனுக்கு போர்ட் பிளேர் மருத்துவமனையில் சிகிச்சை அளித்துத் திருப்பி அனுப்பினர். அதற்குப் பின்னரே, 1997-98-ல், ஜாரவாக்கள் ஆயுதம் இன்றிப் பகலில் வெளிவரத் தொடங்கினர். வில்லைக் கீழே வைத்த பின் அவர்கள் எதிர்கொண்ட ஆபத்துகள் வேறு வகையானவை.

குறுக்குவில்லும் 65-வது பிரிவும்: தெற்கே உள்ள நிகோபார் தீவுகள் தமிழருக்குப் புதியவை அல்ல. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவற்றை மாநக்கவாரம் என்று குறிப்பிடுகிறது. அண்மைக் காலத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். கிரேட் நிகோபாரில் 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் ராணுவத்தினரிலும் தமிழர்கள் உண்டு.

நிகோபாரிகளின் ஆயுதங்களில் தனித்தன்மை வாய்ந்தது குறுக்குவில். மரக்கிளைகளில் அமரும் புறா முதலான பறவைகளை வீழ்த்த அது பயன்பட்டது. கட்டையின் குறுக்கே வில்லைப் பொருத்தி, நாணை இழுத்து மாட்டி, குறிபார்த்து விசையைத் தட்டினால் அம்பு பாயும். அடிக்கட்டையும் குறிபார்க்கும் முறையும் விசையும் துப்பாக்கியை நினைவூட்டுபவை. கரிமருந்து மட்டும்தான் இல்லை. துப்பாக்கியை வீட்டில் செய்யும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர் ஒருவர் இதைக் கண்டால் தமது இனத்தைச் சேர்ந்த கைவினைஞரின் வேலை என்று உடனே உணர்ந்துகொள்வார்.

இத்தகைய ஆயுதத்தை வீட்டில் செய்ய நிகோபாரிகளைச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது? ஆயுதச் சட்டத்தின் கடும் உரிமக் கட்டுப்பாடு துப்பாக்கியை மையமாகக் கொண்டது. வில்லைப் பொருத்தவரை, உண்மையான தடை வேட்டைத் தடையிலிருந்தே வருகிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின், நாட்டின் பிற பகுதிகளில் காட்டு விலங்கை வேட்டையாட வில் செய்வதில் பொருள் இல்லாமல் போயிற்று. ஆனால், அதே சட்டத்தின் 65-வது பிரிவு நிகோபார் பழங்குடியினருக்கு விலக்கு அளிக்கிறது. அந்தமான் நிகோபார் நிர்வாகம் 1967 ஏப்ரல் 28-ல் அரசிதழில் வெளியிட்ட அறிவிக்கையின் மூலம் அவர்களுக்கு வழங்கிய வேட்டை உரிமைகளை இச்சட்டம் பாதிக்காது என்று அப்பிரிவு கூறுகிறது. ஒரு யூனியன் பிரதேச நிர்வாகத்தின் அறிவிக்கையை, தேதியுடன் நாடாளுமன்றச் சட்டமே எடுத்துச் சொல்வது அரிதானது.

அந்தமான் பழங்குடியினரைக் காப்பது 1956-ம் ஆண்டின் ஆதிவாசிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி. அவர்களின் காப்பகங்களில் வெளியார் அனுமதியின்றி நுழைவதை அது தடை செய்கிறது. 2012-ல் செய்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கையும், அவர்கள் வாழ்வில் வெளியார் தலையீடு மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது.

வில்லின் வரம்பே காவல்: விலங்குகளைக் காக்கும் சட்டம் வேட்டைக்காரர்களுக்கு விலக்கு அளிப்பது முரணாகத் தோன்றலாம். அதில் ஒரு நியாயம் உண்டு. கையால் செய்த வில்லுக்கு எல்லை இருக்கிறது. அம்பு சிறிது தொலைவே பாயும். அதைச் செய்ய நாள்கள் பிடிக்கும். விலங்கை நெருங்க ஆண்டுக்கணக்கில் பெற்ற பயிற்சி வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து, ஒரு குடும்பத்தின் உணவுக்கு மேல் கொல்லப்படாதவாறு தடுக்கின்றன. விற்பதற்காக வேட்டையாடும் வெளியாருக்கு அத்தகைய எல்லை கிடையாது. அதனால்தான் ஜாரவா காப்பகத்தில் பன்றிக்கும் மானுக்கும் நண்டுக்கும் தேனுக்குமாகக் கள்ளத்தனமாக நுழைபவர்கள் இரட்டைத் தீங்கு இழைக்கிறார்கள். ஜாரவாக்களின் உணவைக் குறைக்கிறார்கள். அவர்களுக்குப் புகையிலையையும் மதுவையும் பழக்குகிறார்கள்.

வில் எதற்கு என்ற கேள்வி: ஒரு கைத்தொழில் இரண்டு வழிகளில் அழியும். செய்பவர்கள் மறைவது ஒன்று. செய்வதற்கான தேவை மறைவது மற்றொன்று. இத்தீவுகளில் இரண்டும் நிகழ்ந்துள்ளன.

முதலாவதற்குச் சான்று பெரிய அந்தமானியர். ஆங்கிலேயர் வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த அவர்கள், அம்மை முதலிய நோய்களால் அழிந்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 44 பேராக இருந்தனர். அவர்களின் எஸ் வடிவ வில் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகப் பொருள். மேன் திரட்டிய பொருட்களை ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம். ஸ்ரீ விஜயபுரத்தில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் அருங்காட்சியகத்திலும் தீவு மக்களின் ஆயுதங்கள் கண்ணாடிப் பேழைக்குள் உள்ளன. கண்ணாடிக்குள் இருக்கும் வில்லைப் பார்த்து எந்தச் சிறுவனும் வில் செய்யக் கற்க முடியாது.

இரண்டாவதற்குச் சான்று ஓங்கிகள். லிட்டில் அந்தமானில் வாழும் இவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 101 பேர். அரசு தரும் ரேஷன் அரிசியும் பருப்பும் வந்த பின், வேட்டை அன்றாடத் தேவையாக இல்லை. பசியால் எவரும் வாடக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால், உணவுக்காக வில் தேவைப்படாத வீட்டில் தந்தை மகனுக்கு அதைக் கற்றுத்தரும் தருணமும் குறைந்துவிடுகிறது.

நிகோபாரிகளின் கதை இரண்டும் கலந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவர்களின் கடலோரக் கிராமங்களை அழித்தது. முதியவர்கள் பலரை அது கொண்டு சென்றது. வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த கருவிகளும் போயின. மீண்டவர்கள் தகரக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் 27,168 பேராக உள்ள நிகோபாரிகள் படிப்பிலும் அரசுப் பணியிலும் முன்னேறியவர்கள். அவர்களுக்கு வேட்டை உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. ஆனால், குறுக்குவில் செய்யும் கைகள் குறைந்துகொண்டே செல்லும் நிலையில், அந்த உரிமை காகிதத்தில் மட்டும் எஞ்சும் அபாயம் உள்ளது.

சாலையும் துறைமுகமும்: எஞ்சியிருக்கும் திறனுக்கு உயிர்நாடி காடு. ஜாரவா காப்பகம் ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதனூடாகச் செல்லும் அந்தமான் டிரங்க் சாலையை ஜாரவா பகுதியில் மூடுமாறு 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் காவல் துறைப் பாதுகாப்புடன் வாகன அணிகள் தொடர்ந்து சென்றன.

கிரேட் நிகோபாரில் நிலைமை இன்னும் தீவிரமானது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோ மீட்டர் காடு இதற்காக ஒதுக்கப்பட்டுள்ளது. நாட்டின் பாதுகாப்புக்கும் வாணிபத்துக்கும் இது தேவை என்பது அரசின் வாதம். மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கடல் வழி அருகில் இருப்பதால் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால், அத்தீவின் உட்காட்டில் ஷோம்பென் மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 229 பேர். தாமே செய்த ஈட்டியுடன் பன்றி வேட்டையாடி வாழும் அவர்களுக்குக் காட்டுக்கு மாற்று எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியது: அமெரிக்காவில் கையால் துப்பாக்கி செய்யும் பொழுதுபோக்காளர்களுக்குச் சங்கம் உண்டு, கூடிப் பேசக் களம் உண்டு, மூத்தவரிடம் இளையவர் கற்க வாய்ப்பு உண்டு. இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு கைத்திறன் அங்கு உயிரோடு இருப்பதற்கு இந்த ஏற்பாடுகளே காரணம். நிகோபார் தீவுப் பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாள், ஊர் முதியவர் ஒருவர் குறுக்குவில் செய்து காட்டுவதற்குப் பெரும் செலவு ஆகாது. ஓங்கிச் சிறுவர்கள் தந்தையருடன் காட்டுக்குச் செல்லும் பருவத்தில் பள்ளிக்கு விடுமுறை விடுவதற்கும் தடை ஏதுமில்லை. ஜாரவாக்களையும் சென்டினல் மக்களையும் பொருத்தவரை நாம் செய்யத்தக்க உதவி ஒன்றே: அவர்களின் காட்டுக்கும் கடலுக்கும் வெளியார் செல்லாதவாறு காப்பது.

துப்பாக்கியை வீட்டில் செய்ய இந்நாடு அனுமதிக்காதது சரியே. அபே கொலை போன்ற நிகழ்வுகள் அதற்குப் போதிய காரணம். அதே நாடு, மிகச் சிலருக்கு மட்டும் வேட்டை ஆயுதம் செய்து உணவு தேடும் உரிமையை விட்டுவைத்திருக்கிறது. தெரிந்தே விட்டுவைத்த உரிமை அது. அந்த உரிமை உயிருடன் இருக்க, செதுக்க மரமும் திரிக்க நாரும் கற்க ஆசானும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேட்டையாடக் காடு வேண்டும்.

"பிரிம்ரோஸ்' கப்பலின் துருவேறிய எலும்புக்கூடு வடக்கு சென்டினலின் பவளப் பாறைமீது இருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அந்த இரும்பில் எவ்வளவு அம்புகளாயிற்று என்று எவராலும் கணக்கிட இயலாது. அத்தீவில் மட்டும், தந்தையின் அருகிலமர்ந்து ஒரு சிறுவன் இன்றும் கல்லால் இரும்பை அடித்துக்கொண்டிருக்கக்கூடும். அங்கு நாம் செல்லாமல் இருப்பதே அதற்கு உத்தரவாதம்.